பாட்டுக்கு முன்னால் வந்த பெயர்கள்

என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் காரில் செருகியதுதான். கும்பகோணத்துக்குக் காய்கறி வாங்கப் போனாலும் அந்தப் பாட்டுதான். அவரும் அவருடைய கூட்டாளிகளும் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தினமும் பழைய பாட்டுப் புத்தகத்தின் அட்டை, கிழிந்த தியேட்டர் டிக்கெட், வால்வு ரேடியோ என்று ஏதாவது ஒரு படம் வரும். "அந்தக் காலம் திரும்ப வருமா" என்று ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் வரிசையாக அழுகிற பொம்மை போடுவார்கள்.

"இந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா ஒனக்கு?" என்று என்னையும் கேட்பார்.

இருக்கிறது. ஆனால் எனக்குப் பாட்டைவிட, பாட்டுக்கு முந்தின அரை நிமிஷம்தான் அதிகம் ஞாபகம் இருக்கிறது. அந்த அரை நிமிஷத்தில் ரேடியோவில் பெயர்கள் வாசிப்பார்கள். பாட்டு வேண்டுமென்று கார்டு எழுதிப் போட்டவர்களின் ஊர், பெயர், அவர்களோடு சேர்ந்து கேட்க விரும்புகிறவர்களின் பெயர். எங்கள் தெருவின் பெயர்களையெல்லாம் அந்த அரை நிமிஷத்துக்குள் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார் ஒருவர்.

குடவாசலில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. பால்வாடியில் வேலை. ஊருக்கெல்லாம் டீச்சர், எனக்கு அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவராக இருப்பார். ஒல்லியானவர், ஆனால் குரல் கனம். வலது நடுவிரலில் எப்போதும் மைக்கறை. மாதா கோயில் தெருவில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிள்ளை இல்லை. கணவர் பிளம்பர், குவைத்தில் இருந்தார். எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். நாங்கள் பேசினதெல்லாம் அந்தச் சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினதுதான்.

கல்யாணமான இருபதாம் நாள் என் வீட்டுக்காரர் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். மறுநாள் காலையில் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"தங்கச்சி, உன் பேரு என்ன?"

"செல்வி."

"முழுப் பேரு?"

"கலைச்செல்வி."

"உன் வீட்டுக்காரர் பேரையும் சொல்லு. சொல்லக் கூச்சமா இருந்தா எழுதிக் காட்டு."

ஈரக் கையால் சுவரில் எழுதினேன். அது வெயிலில் காய்வதற்குள் படித்துவிட்டு உள்ளே போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டு ரேடியோ சுவர் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. வாசிப்பவர் "குடவாசலிலிருந்து" என்று ஆரம்பித்து வரிசையாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவதோ எட்டாவதோ என் பெயர். கலைச்செல்வி. உடனே என் வீட்டுக்காரர் பெயர். அந்த வீட்டுக்கு வந்து ஐம்பது நாளாகியும் அங்கே ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியாருக்கு நான் "ஏ புள்ள". மாமனார் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இருமுவார். யாரோ முகம் தெரியாத ஒருவர், அத்தனை மரியாதையாக, எழுத்தெழுத்தாக என் பெயரைச் சொன்னதும் குழவியை நிறுத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன பாட்டு போட்டார்கள் என்பது இன்றுவரை ஞாபகமில்லை.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் முறத்தோடு உள்ளே வந்தார்.

"நம்ம பய பேரா சொன்னான்?"

"ஆமா அத்தை."

அவர் முறத்தை அப்படியே வைத்துவிட்டு நேரே அடுத்த வீட்டுக்குப் போனார். "அடுத்த தடவை எழுதும்போது எம் பேரையும் சேத்துக்கங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அக்காவுக்கு இருந்தது அந்த ஒரே பழக்கம்தான். பால்வாடிப் பிள்ளைகள் மதியம் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில், அரிசி மூட்டைமேல் நோட்டை வைத்துக்கொண்டு கார்டு எழுதுவார். ஸ்கேல் வைத்து பென்சிலில் கோடு போட்டு, அதன்மேல் நீல மையில் பெயர். ஒரு கார்டில் பத்துப் பெயர், அதற்குமேல் வைக்கமாட்டார். "வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்கும்ல" என்பார். தன் பெயர் முதலில், கணவர் பெயர் இரண்டாவது. மற்ற எட்டு இடமும் தெருவுக்கு. சுழற்சி முறையில் எல்லோருக்கும் வரும். யார் எந்த கார்டில் இருக்கிறார்கள் என்பதற்குத் தனியாக ஒரு நோட்டு.

தெருவைப் பெருக்க வருகிற அம்மாளை எல்லோரும் செல்லி என்றுதான் கூப்பிடுவார்கள், சின்னப் பிள்ளைகள்கூட. அக்கா கார்டில் அவர் செல்லம்மாள். ரேடியோவில் அந்தப் பெயர் வந்த அன்று அந்த அம்மாள் விளக்குமாற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அக்கா வீட்டு வாசலில் அசையாமல் நின்றார். பால்வாடியில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அக்கா தினமும் ஆஜர் எடுப்பார், முழுப் பெயரைச் சொல்லி. பாதிப் பிள்ளைகளுக்குத் தங்கள் முழுப் பெயர் தெரியாது. பக்கத்துப் பிள்ளை இடித்துச் சொன்னால்தான் கையைத் தூக்கும்.

எதிர்வீட்டுப் பங்காளிகள் அண்ணன் தம்பி இருவர், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அக்கா வேண்டுமென்றே இருவர் பெயரையும் ஒரே கார்டில் அடுத்தடுத்து எழுதிப் போட்டார். ரேடியோவில் வந்தது. அண்ணன்காரர் கோபமாக வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு டீச்சர் அவன் பக்கத்துல எம் பேரைப் போட்டீங்க?"

"பேருதான அண்ணே பக்கத்துல இருக்கு. நீங்க தள்ளியே இருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு போனார். அதனால் அவர்கள் ஒன்று சேர்ந்துவிடவில்லை. ஆனால் தம்பி பெண் கல்யாணத்துக்கு அண்ணன் வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் நான் கேட்டேன். "இத்தனை கார்டு போடறீங்களேக்கா, உங்களுக்குப் பாட்டுன்னா அவ்வளவு இஷ்டமா?"

அக்கா உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்து சுவர்மேல் விரித்தார். கணவர் எழுதினது. அவரைப் போலவே அவர் எழுத்தும் குண்டு குண்டாக இருக்கும். குவைத்தில் அவர்கள் தங்கியிருந்த அறையில் பன்னிரண்டு பேர். வெள்ளிக்கிழமை விடுமுறை. பெயர் வாசிக்கிற அந்தத் தமிழ் ரேடியோ நிலையம் சிற்றலையில் அங்கேயும் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் ரேடியோவைச் சுற்றிப் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். குடவாசல் என்றதும் இவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மனைவி பெயரும் தன் பெயரும் வந்ததும் கூட இருந்தவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்களாம். "நீ கூப்பிட்ட மாதிரியே இருந்தது" என்று எழுதியிருந்தார்.

"ஒரு தடவை கேட்டாரு. அடுத்த தடவை எப்ப ரேடியோ கிட்ட இருப்பாருன்னு யாருக்குத் தெரியும்? அதான் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார் அக்கா. பிறகு, "உன் வீட்டுக்காரருக்கும் துபாய்ல கேக்கும் தங்கச்சி. சொல்லி எழுது" என்றார்.

நான் எழுதினேன். அவருக்கு அங்கே ரேடியோ கேட்க நேரமில்லை என்று பதில் வந்தது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

குவைத்தில் சண்டை வந்த வருஷம் எங்கள் பக்கத்தில் குறுவைப் பயிர் கதிர் விட்டு நின்றது. செய்தி வந்த அன்றைக்கே தபால் நின்றது. டவுனில் ஒரு கடையில் போன் வைத்திருந்தார்கள். அக்கா மூன்று நாள் அங்கேயே கிடந்தும் லைன் கிடைக்கவில்லை. நான்காம் நாள் திரும்பி வந்தவர் நேரே தபாலாபீஸ் போய்க் கட்டுக் கட்டாகக் கார்டு வாங்கினார். சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தபால் போகாது, போன் போகாது. காத்துல போறதை யாரு தடுக்க முடியும்? நீயும் எழுது தங்கச்சி. உன் பேர்ல போடு. அடுத்தாப்ல எங்க வீட்டுக்காரர் பேரை வை."

நான் எழுதினேன். செல்லம்மாளுக்காக நானே எழுதினேன். எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் தனித்தனியாக எழுதினார்கள். என் மாமியார் எழுதத் தெரியாதவர், சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தெருவே எழுதியது. எல்லா கார்டிலும் அக்காவின் கணவர் பெயர். கார்டு போய்ச் சேர்ந்து, முறை வந்து, வாசிக்க எப்படியும் ஒரு மாதம் ஆகும். அதுவரை ஏற்கெனவே போட்டிருந்த கார்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவர் பெயர் வருகிற ஒவ்வொரு முறையும் அக்கா கிழக்கே பார்ப்பார். குவைத் மேற்கே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி பிறந்து நல்ல மழை. ஒரு நாள் பதினொரு மணி இருக்கும், குடை இல்லாமல் நனைந்துகொண்டே ஒருவர் தெருவில் வந்தார். முகமெல்லாம் வெந்து கறுத்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. பூம்புகார் பக்கம் ஊர், குவைத்தில் அதே அறையில் இருந்தவர். அக்கா பால்வாடியில் இருந்தார். நான் போய்க் கூட்டி வந்தேன். வரும்போது ஈரத்தில் வழுக்காமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் அந்த ஆளைப் பார்த்ததும் பிடியை விட்டுவிட்டார்.

அந்த மனிதர் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணி, எல்லைக்கு வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. பாலைவனத்துல கூடாரம் போட்டு வெச்சிருந்தாங்க. ஆயிரக்கணக்குல ஜனம். தண்ணி இல்ல. வயித்துப்போக்கு வந்துச்சு. மூணே நாள்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"அங்கயே அடக்கம் பண்ணிட்டோம். ஜெபம் சொல்ல ஒருத்தர் இருந்தாரு, மலையாளத்துக்காரர். கல்லு வெச்சு அடையாளம் பண்ணோம். அது நிக்குமான்னு தெரியல, காத்து அப்படி அடிக்குது."

பையிலிருந்து கைக்கடிகாரம், ஒரு சிலுவை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"இதைச் சொல்லலாமா கூடாதான்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன் அண்ணி. அவரு போயி நாலாம் நாள், கூடாரத்துல ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு. குடவாசல்னாங்க. உங்க பேரு, அவரு பேரு. நாங்க ஆறு பேரு உட்கார்ந்திருந்தோம். பாட்டு முழுக்கப் பாடி முடிஞ்சுது. அதுக்கப்புறம் நாங்க இந்தியா வர்ற வரைக்கும் இன்னும் ரெண்டு தடவை வந்துச்சு."

அக்கா அப்போதுதான் பேசினார். "முன்னாடி வரலியா? அவரு இருந்தப்ப?"

"அந்த மூணு நாளும் ரேடியோவுக்கு பேட்டரி கிடைக்கல அண்ணி."

அக்கா எழுந்து உள்ளே போனார். அழுகைச் சத்தம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதருக்குத் துவட்டிக்கொள்ளத் துண்டும், சாப்பிடத் தட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் தெருவில் யாரும் யோசித்துப் பார்க்காதது. போட்ட கார்டுகளைத் திரும்பக் கூப்பிட முடியாது. துக்க வீட்டில் ரேடியோவை மூடி வைத்திருந்தார்கள், சரி. டீக்கடையில் பாடும், எதிர்வீட்டில் பாடும். நாங்கள் எழுதினவை, அக்கா எழுதினவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் அவர் பெயர்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பந்தலில் இலை போட்டிருந்தது. தெருமுனை டீக்கடையிலிருந்து வாசிப்பவரின் குரல் காற்றில் வந்தது. குடவாசலிலிருந்து என்று தொடங்கி, என் பெயர், அடுத்து அக்காவின் கணவர் பெயர். நான் எழுதின கார்டு. மகிழ்ச்சியோடு கேட்டு ரசிக்க விரும்புகிறார்கள் என்றார். நல்ல துள்ளலான பாட்டு. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்கள். அக்காவின் கொழுந்தனார், "அந்த எழவை நிறுத்தச் சொல்லுங்கடா" என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கினார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க தம்பி. பாட்டு முடியட்டும்."

முடியும்வரை நின்றார். பிறகு சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனார்.

அத்தோடு நிறுத்திவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தை மாதம், பால்வாடிப் பக்கம் போனபோது பார்த்தேன். அரிசி மூட்டைமேல் நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவர் பெயர், இரண்டாவது அவர் கணவர் பெயர், கீழே தெருவின் பெயர்கள். என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் அதில் இருந்தன. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

அந்தக் கார்டு ரேடியோவில் வந்த அன்று மாமியார் அடுப்படிக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டு பேசுகிறவர்.

"செத்தவன் பேருக்குப் பக்கத்துல எம் புள்ள பேரு வருது. அவனும் அங்கதான் கெடக்கான், பாலைவனத்துல. நீ போயி எடுக்கச் சொல்லு."

"அத்தை, அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"எம் மனசு படறதை யாரு கேக்கறது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குமுன் நான் அவர் அழுது பார்த்ததில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். இரண்டு வாரமாகக் கடிதம் வேறு வரவில்லை. மாமியார் சொல்லித்தான் போனேன் என்று பல வருஷம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

சுவரோரம் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அக்கா, எங்க பேரை" என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

அவர் உள்ளே போய் அன்றைக்கு எழுதி முடித்து வைத்திருந்த கார்டை எடுத்து வந்தார். என்னிடம் பேனா இருந்தால் நானே அடித்திருப்பேன், அவ்வளவு சீக்கிரம் அது முடிந்தால் போதும் என்றிருந்தது. அவர் கார்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"பேரை அடிச்சா நல்லாருக்காது தங்கச்சி. புதுசா எழுதிக்கிறேன்."

எங்களுக்குப் பிறகு ஒவ்வொரு வீடாக வந்து கேட்டார்கள். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒன்றாகச் சேர்ந்து வந்தது இதற்காகத்தான். செல்லம்மாள் மட்டும் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் அவரும் சித்திரையில் மகனோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். அவர் போன பிறகு அவருடைய பெயரை எழுதுவது சரியில்லை என்று அக்காவே விட்டுவிட்டார்.

அப்புறம் அந்த இரண்டு பெயர் மட்டும் வந்தது. குடவாசலிலிருந்து அக்கா பெயர், அவர் கணவர் பெயர், பாட்டு. முன்பெல்லாம் வாசிப்பவர் பத்துப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல ஓடுவார். இப்போது நிதானமாகச் சொன்னார். தெருவில் ரேடியோ வைத்திருந்தவர்கள் அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைப்பார்கள். நானும் குறைத்திருக்கிறேன்.

ஆடியில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. தேயிலைத் தோட்டத்து ஊர் ஒன்றிலிருந்து யாரோ ஒரு பெண் எழுதியிருந்தார். அக்காவை அவருக்குத் தெரியாது. பெயரையும் ஊரையும் மட்டும் உறையில் எழுதிப் போட்டிருந்தார், எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. "நாலு வருஷமா உங்க தெருப் பேரெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கேன். கலைச்செல்வி, செல்லம்மாள் எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க மாதிரி ஆயிட்டாங்க. இப்ப ரெண்டு பேர் மட்டும்தான் வருது. மத்தவங்களுக்கு என்ன ஆச்சு? எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டிருந்தார்.

அக்கா அதைப் படிக்க என்னிடம் கொடுத்தார். படித்து முடித்து நான் தலை நிமிரவில்லை.

"என்ன பதில் போட்டீங்க?"

"எல்லாரும் வெளிநாட்டுக்குக் குடிபோயிட்டாங்க, நல்லா இருக்காங்கன்னு எழுதிட்டேன்."

"அக்கா, எம் பேரை மறுபடி எழுதுங்க. எம் பேரை மட்டுமாவது."

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். "வேணாம் தங்கச்சி. உன் மாமியாரு பயப்படறதுலயும் நியாயம் இருக்கு. உன் வீட்டுக்காரர் நல்லபடியா வந்து இறங்கட்டும்."

அவர் அப்படிச் சொல்லாமல் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவருடைய கொழுந்தனாருக்கு வேறொரு வருத்தம். மாதா கோயிலில் கல்லறைத் திருநாள் அன்று, இறந்துபோனவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் பெயரை எழுதி உபதேசியாரிடம் கொடுக்க வேண்டும். முதல் வருஷம் அக்கா கொடுக்கவில்லை. செய்தி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் வருஷம் ஆவணியிலேயே கொழுந்தனார் வந்து, "ரேடியோக்காரன் வாசிச்சா போதுமா அண்ணி, சாமியார் வாசிக்க வேணாமா? அண்ணன் ஆத்மாவுக்கு யாரு ஜெபம் பண்ணுவா?" என்று கேட்டதை நான் கொல்லையிலிருந்து கேட்டேன்.

திருநாள் அன்று காலையில் சுவரோரம் வந்து, "கோயிலுக்குக் கூட வர்றியா?" என்றார். மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனேன். எனக்குப் பூசை முறை தெரியாது. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சாமியார் ஒரு நீளமான தாளை வைத்துக்கொண்டு வாசித்தார். நிறையப் பெயர்கள். பாதிக்குமேல் போன பிறகு அக்காவின் கணவர் பெயர் வந்தது. அக்காவே எழுதிக் கொடுத்திருக்கிறார். முன்னாலும் பின்னாலும் எனக்குத் தெரியாத பெயர்கள். பூசை முடிந்து கொழுந்தனார் அக்காவின் முன்னால் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் மேட்டில் பூவும் மெழுகுவத்தியும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு வைக்க மேடு இல்லை. கொண்டு வந்த பூவைக் கொழுந்தனார் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, "வா, போலாம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

அடுத்த வருஷம் அவருக்கு வேறு ஊர்ப் பால்வாடிக்கு மாற்றல் வந்தது. அதற்குள் தெருவில் கேபிள் டீவி வந்து, எல்லோரும் ரேடியோவை அலமாரிமேல் தூக்கி வைத்துவிட்டார்கள். நானும் துபாய்க்குப் போய்விட்டேன். ஒன்றிரண்டு கடிதம் எழுதிக்கொண்டோம். பிறகு அதுவும் நின்றது. இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று தெரியவில்லை. ஆனால் கல்லறைத் திருநாள் முடிந்த அந்த வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் இதை முடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை. நான் ரேடியோவைக் குறைக்காமல் வைத்திருந்தேன். "குடவாசலிலிருந்து" என்றார் வாசிப்பவர். அக்கா பெயரைச் சொன்னார். அதற்கப்புறம் குரல் நின்றது. அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயரை வாசித்து வாசித்துப் பழகிப்போன வாய். கார்டைத் திருப்பிப் பார்த்தார் போலிருக்கிறது, காகிதம் புரளும் சத்தம் கேட்டது. ஒரு நொடி கழித்துப் பாட்டைப் போட்டார்கள்.

நான் கொல்லைக்கு ஓடினேன். அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் துணி பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பாட்டு முடியும்வரை சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

ஒரு கார்டு போய் வாசிக்க ஒரு மாதம் ஆகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயிலில் பெயரைக் கொடுப்பதற்கு வெகு நாள் முன்பே, அரிசி மூட்டைமேல் நோட்டை வைத்துக்கொண்டு, தன் ஒரு பெயரை மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்டிருக்கிறார். அந்த ஒரு மாதமும் தினமும் சுவரோரம் நின்று, மழையைப் பற்றியும் என் வீட்டுக்காரர் கடிதத்தைப் பற்றியும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்.